எடைமேடையின் மெயின் சுவிட்ச்

எர்ணாவூர் பக்கம் நெடுஞ்சாலை ஓரமாக இருந்த ஒரு லாரி எடைமேடையில் ஒன்றரை வருஷம் வேலை பார்த்தேன். எனக்கு அது நீண்ட காலம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அதற்குப் பிறகு காசிமேட்டில் ஐஸ் உடைத்தேன், தூத்துக்குடியில் உப்பு வாரினேன், கோவாவில் ஓட்டல் பாத்திரம் கழுவினேன், கப்பல் மேல் ஏறி கன்டெய்னர்களைக் கம்பி போட்டுக் கட்டினேன். எதிலும் நிலைக்கவில்லை. நடுவில் மூன்று மாதம் சௌகார்பேட்டைக் கடைகளில் கேமரா மாட்டும் ஒருவரிடம் ஒயர் இழுக்கும் ஆளாக இருந்தேன். அந்த மூன்று மாதம்தான் பின்னால் என்னை மாட்டிவிட்டது.

எடைமேடையை நடத்தியவர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. அக்கா என்று கூப்பிடுவேன். மேடையை ஆரம்பித்தவர் அவருடைய கணவர். அவர் நெஞ்சுவலியில் போன பிறகு இவர் கையில் எடுத்துக்கொண்டார். அதற்கு முன்பு பல வருஷம் மீன் ஏற்றுமதி ஷெட்டில் இறால் உரித்தவர். ஐஸ் தண்ணீரிலேயே கிடந்து விரல்கள் மடங்கிப் போயிருந்தன. பேனாவைக்கூடக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் செருகித்தான் கையெழுத்துப் போடுவார்.

மேடை என்பது தரை மட்டத்தில் பதித்த நீளமான இரும்புத் தட்டு. வண்டி அதன்மேல் ஏறி நிற்கும். பக்கத்தில் ஒரு கேபின். உள்ளே எடையைச் சிவப்பு எழுத்தில் காட்டும் நம்பர் பெட்டி, ஒரு கம்ப்யூட்டர், பிரிண்டர். எடையும் நேரமும் அச்சான சீட்டை டிரைவர் கையில் கொடுப்பது என் வேலை. தட்டுக்கு அடியில் சேரும் சேற்றை வாருவதும் என் வேலை. கேபினுக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டிய இடத்தில் படுத்துக்கொள்வேன். மழை பெய்தால் உட்கார்ந்துகொள்வேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. டிரைவர் கேட்டால், தட்டு காலியாக இருக்கும்போதே அவர் கண்ணெதிரில் கேபினின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி போடுவோம். எல்லாம் இருண்டு, நம்பர் பெட்டி உயிர் பெற்று, எண்கள் ஓடி, சைபரில் வந்து நிற்கும். ஜன்னலுக்குள் தலையை விட்டு அந்தச் சைபரைப் பார்த்த பிறகுதான் அவர் வண்டியை ஏற்றுவார். அந்தச் சாலையில் டிரைவர்கள் எந்த எடைமேடையையும் நம்புவதில்லை. பெட்டிக்குள் ஏதோ சில்லு வைத்து ரிமோட்டில் எடையை ஏற்றி இறக்குவார்கள் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சிலர் பட்டு அறிந்த சங்கதி. எடை கூடினால் அபராதம், குறைந்தால் சரக்கைத் திருடினான் என்ற பெயர். இரண்டும் டிரைவர் தலையில்தான் விடியும். அதனால்தான் அக்காவின் கணவர் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தாராம். மின்சாரம் இல்லாமல் எந்தச் சில்லும் வேலை செய்யாது, கண்ணால் பார்த்துக்கொள் என்று. எங்கள் மேடைக்கு வண்டி வந்ததே அந்தச் சுவிட்சை நம்பித்தான்.

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை, அக்காவின் போனுக்கு ஒரு கடிதம் வந்தது. எங்களுக்கு அதிகம் வண்டி அனுப்பிக்கொண்டிருந்த கன்டெய்னர் யார்டு அனுப்பியது. இனிமேல் எடைமேடைக் கேமராவைத் தங்கள் ஆபீசிலிருந்தே நேரடியாகப் பார்க்க வேண்டும். சனிக்கிழமைக்குள் அதற்கு வழி செய்யாவிட்டால் அடுத்த திங்கள் முதல் தங்கள் டிரெய்லர்கள் மணலி பக்கம் வேறு மேடைக்குப் போகும். அந்த வண்டிகள் போனால் எங்களுக்கு மிஞ்சுவது பழைய இரும்பு ஏற்றும் ஒன்றிரண்டு லாரிகள்தான். மேடையை மூட வேண்டியதுதான்.

அக்கா கடிதத்தை என்னைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். பிறகு, “நீ கேமரா வேல பாத்தவன்தானே?” என்றார்.

“ஒயர் மட்டும்தான்க்கா இழுத்தேன்.”

“இதுவும் ஒயருதானே. மூடிட்டா நான் இன்னா பண்றது தம்பி? இந்தக் கைய வெச்சிகினு எந்த ஷெட்டுல எறா உரிக்க உடுவான்?”

சரி என்றேன். அந்தச் சரியை அந்த வாரம் முழுக்கத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

கடிதத்தின் கீழே ஒரு போன் நம்பர் இருந்தது. யார்டின் கம்ப்யூட்டர் பிரிவு ஆள் எடுத்தார். சின்ன வயதுக் குரல். எங்கள் கேமராவின் ரெக்கார்டர் பெட்டி ரிச்சி தெருவில் பழசாக வாங்கியது. போனில் பார்ப்பதற்கு அதற்கென்று இருந்த ஆப் எப்போதோ செத்துப்போய்விட்டது. அதைச் சொன்னதும் அவர், “அப்ப ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் பண்ணிடுங்க பாஸ். போர்ட் நம்பர் எட்டாயிரம். பண்ணிட்டு ஐபி அனுப்புங்க. அஞ்சு நிமிஷ வேலை,” என்றார். அஞ்சு நிமிஷம் என்று அவர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

விஷயம் இதுதான் என்று பிறகு புரிந்துகொண்டேன். இன்டர்நெட் கொண்டுவரும் ரவுட்டருக்கு வெளியுலகில் ஐபி என்று ஒரு நம்பர் உண்டு, கட்டடத்தின் கதவு எண் போல. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி நம்பர் உண்டு, அறை எண் போல. வெளியிலிருந்து வருகிறவர் கதவு எண்ணைத் தெரிந்துகொண்டு வந்தாலும் ரவுட்டர் உள்ளே விடாது. ‘எட்டாயிரம் என்று கேட்டு வருகிறவரைக் கேமரா அறைக்கு அனுப்பு’ என்று அதனிடம் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அவ்வளவுதான். எழுதி வைப்பதற்கு முதலில் ரவுட்டருக்குள் நுழைய வேண்டும்.

நுழைவதற்கான பாஸ்வேர்டை, எங்களுக்கு இன்டர்நெட் கொடுத்த கேபிள்காரர் ரவுட்டரின் அடிப்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருந்தார். திருப்பிப் பார்த்தேன். சந்தனம். ஆயுத பூஜை அன்று அக்கா கேபினில் இருந்த எல்லாச் சாமானுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தார். ரவுட்டருக்கு மேலே வைத்தால் விளக்கு மறைந்துவிடும் என்று யோசித்து, அக்கறையாக அடியில் வைத்திருக்கிறார். ஈரத்துணி எடுத்து நான்தான் துடைத்தேன். சந்தனம் போனது. அதோடு எழுத்தும் போனது.

சௌகார்பேட்டையில் என் முதலாளி இப்படிப்பட்ட நேரத்தில் ரவுட்டரின் பின்பக்க ஓட்டைக்குள் ஊக்கை விட்டுப் பத்து வரை எண்ணுவார். நானும் அக்காவிடம் ஊக்கு வாங்கி, விட்டு, எண்ணினேன். ரவுட்டர் பழைய பாஸ்வேர்டை மறந்து, கம்பெனியில் பிறந்த நாளன்று இருந்த, எல்லோருக்கும் தெரிந்த பாஸ்வேர்டுக்குத் திரும்பியது. நல்லது. ஆனால் கேபிள்காரர் அதற்குள் எழுதி வைத்திருந்த இணைப்பு விவரத்தையும் சேர்த்து மறந்துவிட்டது. இன்டர்நெட்டே நின்றுபோனது. முதலாளி ஊக்கை எடுத்துவிட்டு அடுத்து யாருக்கோ போன் பண்ணுவாரே, அது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கேபிள்காரர் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தார். எர்ணாவூர் முழுக்க அவர் ஒயர்தான். தெருவில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் கறுப்பாகத் தொங்குவதெல்லாம் அவருடையது. ரவுட்டரைப் பார்த்தார், என் கையில் இருந்த ஊக்கைப் பார்த்தார்.

“இன்னா மாமு, ஊக்கு வெச்சிக் குத்துற எடமா அது? காது குடைய வேணும்னா உன் காத குடையேன்.”

இணைப்பைச் சரிசெய்து, புதுப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தார். அதைக் கேபின் சுவரில் மார்க்கரால் எழுதி வைத்தேன். ரவுட்டரின் பக்கம் கம்ப்யூட்டரில் திறந்தது. எல்லாம் ஆங்கிலம். எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி, போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போய்த் திரும்பி, கடைசியில் அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்தேன். பெயர் கேட்டது, ‘எடை’ என்று ஆங்கிலத்தில் போட்டேன். எட்டாயிரம் போட்டேன். கேமரா பெட்டியின் உள் நம்பரைப் போட்டேன். பச்சை நிறத்தில் வெற்றி என்று வந்தது. யார்டுக்காரருக்கு வெளி நம்பரை அனுப்பினேன்.

“வரலையே பாஸ்.”

அன்று மாலை வரை அந்தக் கட்டத்தை அழித்து எழுதி, அழித்து எழுதி, ஏழெட்டுத் தடவை வெற்றி பெற்றேன். ஒரு தடவையும் அவருக்குப் படம் வரவில்லை. நடுவில் வண்டி வந்தால் எழுந்து சீட்டு அடித்துக் கொடுத்துவிட்டு வந்து உட்காருவேன். எங்கே விட்டேன் என்று மறந்திருக்கும்.

புதன்கிழமை காலை யார்டுக்காரரே காரணத்தைச் சொன்னார். உங்கள் கேபிள்காரர் உங்களுக்கென்று தனி வெளி நம்பர் கொடுத்திருக்கிறாரா, கேளுங்கள் என்றார். கேட்டேன். கேபிள்காரர் ஒளிவு மறைவு இல்லாத மனிதர்.

“தெருவுக்கே ஒரே நம்பருதான் மாமு. ஆளுக்கொண்ணு குடுக்க நான் எங்க போறது?”

அதாவது முழுத் தெருவுக்கும் ஒரே கதவு எண். எட்டாயிரம் என்று கேட்டு வந்தவர் தெருமுனையிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறார். நான் என் வீட்டு வாசலில் கோலம் போட்டு அவருக்காகக் காத்திருந்தேன். நேற்று அரை நாள் முழுக்க.

கேபிள்காரரைக் கெஞ்சினேன். அக்காவும் போனை வாங்கிக் கெஞ்சினார். தன் பெட்டியில் எதையோ மாற்றி, மத்தியானம் எங்களுக்கு மட்டும் தனி நம்பர் வரும்படி செய்தார். ஆனால் இது நிலையான நம்பர் இல்லை, ரவுட்டர் அணைந்து எரிந்தால் மாறிவிடும் என்றார். நிலையான நம்பர் வேண்டுமென்றால் மேலே எழுதிக் கேட்க வேண்டும், பதினைந்து நாளாகும். எழுதச் சொல்லிவிட்டோம். நம் ரவுட்டர் ஏன் அணையப் போகிறது என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்தது மெயின் சுவிட்சுக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு.

புது நம்பரை அனுப்பினேன். யார்டுக்காரர் உற்சாகமாக, “வந்துடுச்சு பாஸ், லாரி நம்பர் பிளேட் வரைக்கும் தெரியுது,” என்றார். அக்கா டீக்கடைக்குச் சொல்லி எனக்கு பஜ்ஜி வரவழைத்தார். பஜ்ஜி தீர்வதற்குள் போன் வந்தது. படம் போய்விட்டதாம்.

பார்த்தால், கேமரா பெட்டியின் உள் நம்பர் மாறியிருந்தது. அறை எண் மாறிவிட்டது, நான் எழுதி வைத்தது பழைய அறை. அந்த நம்பரை மாறாதபடி பெட்டியிலேயே கட்டிப்போட்டேன். படம் வந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் போனது. இப்போது வெளி நம்பர் மாறியிருந்தது. புது நம்பர் அனுப்பினேன், வந்தது. மறுபடி போனது. வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் யார்டுக்காரருக்கு ஐந்து நம்பர் அனுப்பியிருந்தேன். அவர் குரலில் இருந்த பாஸ் குறைந்துகொண்டே வந்தது. நம்பருக்குப் பதிலாக மாறாத ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாமே, இலவசமாகக் கிடைக்கிறதாமே என்று எங்கோ கேட்டதைச் சொன்னேன். தங்கள் படிவத்தில் நம்பர் போடத்தான் கட்டம் இருக்கிறது, எழுத்து ஏறாது என்றார்.

எரிச்சலில் அவர்தான் உருப்படியான ஒன்றைச் செய்தார். அன்று காலையிலிருந்து படம் போன நேரங்களையெல்லாம் வரிசையாக அனுப்பினார். ஒன்பது பத்து. பத்து நாற்பத்தைந்து. பதினொன்று முப்பது. பன்னிரண்டு இருபது. இதெல்லாம் ஏன் என்று பாருங்கள், சனிக்கிழமை நான் மேலே பதில் சொல்ல வேண்டும் என்றார்.

நேரங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எங்கோ பார்த்த நேரங்கள் மாதிரி இருந்தன. சீட்டுக் கட்டின் அடிநகல்களைப் புரட்டினேன். ஒன்பது பதினாலு, ஒரு டிரெய்லர். பத்து நாற்பத்தொன்பது, பழைய இரும்பு லாரி. பதினொன்று முப்பத்துமூன்று, இன்னொரு டிரெய்லர். படம் போன ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு நிமிஷம் கழித்து ஒரு சீட்டு. எல்லாம் சைபர் காட்டச் சொன்ன டிரைவர்களின் சீட்டு. சுவிட்சை அணைத்துப் போட்டது வேறு யாரும் இல்லை, நான்தான். ஒரு கையால் அணைத்துவிட்டு, மறு கையால் போனை எடுத்து, ஏன் போனது என்று தெரியவில்லை சார் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். முன்பும் அப்படித்தான் கேமரா அணைந்து எரிந்திருக்கும். அதை யாரும் பார்த்ததில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

அக்காவிடம் சொன்னேன். பதினைந்து நாள், நிலையான நம்பர் வரும்வரை மட்டும், சுவிட்சை அணைக்காமல் இருப்போம் என்றேன். அவர் சீட்டுக் கட்டை வாங்கி, மடங்கிய விரல்களால் கொஞ்ச நேரம் புரட்டினார்.

“சுவிட்ச அணைக்கலன்னா டிரைவர் வர மாட்டான். கேமரா இல்லன்னா யார்டுக்காரன் வண்டிய அனுப்ப மாட்டான். ரெண்டு பேரும் என்னத்தான் நம்ப மாட்டேன்றான்,” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அதை நினைத்து அப்போது பெருமைப்பட்டேன். ரவுட்டர், ரெக்கார்டர், கேமரா மூன்றும் ஓடப் பன்னிரண்டு வோல்ட்டு போதும். லாரி பேட்டரியும் பன்னிரண்டு வோல்ட்டு. பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் உயிருள்ள லாரி பேட்டரி ஒன்றைக் கேட்டு வாங்கி, கேபின் மூலையில் வைத்து, ஒரு சார்ஜரோடு இணைத்தேன். இனி மெயின் சுவிட்சை எத்தனை தடவை அணைத்தாலும் கேமரா பேட்டரியில் ஓடும். வெள்ளிக்கிழமை காலை புது நம்பரை அனுப்பினேன். இரண்டு தடவை நானே சுவிட்சை அணைத்துப் பார்த்தேன். படம் போகவில்லை.

பத்து மணிக்கு யார்டின் மூத்த டிரைவர் வந்தார். எண்ணூர்க்காரர். எங்கள் மேடையில் ஆரம்பத்திலிருந்து எடை போடுபவர். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் மற்ற டிரைவர்கள் சுற்றி உட்காருவார்கள். வழக்கம்போல ஜன்னலுக்குள் தலையை விட்டு, “சைபர் காட்டு நைனா,” என்றார். சுவிட்சை அணைத்தேன். கேபின் இருண்டது. மூலையில் நாலைந்து பச்சை விளக்குகள் படபடவென்று கண்ணடித்தன.

“அணைச்சிட்டியா?”

“அணைச்சிட்டேன்ணே.”

“அப்ப அங்க இன்னா எரிஞ்சிகினு கீது?”

கேமராவுக்கு என்றேன். யார்டுக்குப் படம் போகிறது, அது நடுவில் நிற்கக் கூடாது என்பதால் தனி லைன் என்றேன். அவர் தலையை இன்னும் உள்ளே விட்டு, மூலையைப் பார்த்தார்.

“கேமராவுக்கு இன்னாத்துக்குடா லாரி பேட்டரி?”

போர்ட் ஃபார்வர்டிங் பற்றி அவருக்கு விளக்க முயன்றேன். கதவு எண், அறை எண், எட்டாயிரம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது திருட்டு வேலை மாதிரிதான் கேட்டது. வெளியில் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர், ஒரு ரகசிய நம்பரைச் சொல்லி, இந்தக் கேபினுக்குள் நுழைவார். சில்லு, ரிமோட் என்று அவர்கள் இத்தனை வருஷமாகப் பயந்துகொண்டிருந்தது இதைத்தானே.

அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார். “உங்க வூட்டுக்காரரு இருந்த வரைக்கும் இங்க இருட்டுன்னா இருட்டுதாம்மா,” என்றார். வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு, எடை போடாமல் போய்விட்டார்.

அடுத்து வந்த வண்டி ரோட்டிலேயே வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது. அதற்கடுத்தது குறைக்கவே இல்லை. டிரைவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. எங்கள் கேபினில் பேட்டரி வைத்த ரிமோட் மிஷின் இருப்பதாக அதில் வந்துவிட்டது என்று டீக்கடைக்காரர் வந்து சொன்னார். மத்தியானம் வரை மேடையில் நாய் ஒன்று படுத்திருந்தது. போன் அடித்தது.

“பாஸ், சூப்பர். காலையிலேர்ந்து ஒரு செகண்டுகூடக் கட் ஆகல. ஆனா வண்டியே காணோமே?”

அந்தப் போனை மேடைக்கு அடியில் இருக்கும் சேற்றில் போட வேண்டும்போல இருந்தது. வேலையை விட்டுப் போய்விடலாம் என்றும் தோன்றியது. எனக்கு அது புதிது இல்லை. இதைவிடச் சின்னக் காரணங்களுக்கெல்லாம் ஊரை விட்டுப் போயிருக்கிறேன். பையில் வைக்க இரண்டு சட்டைதான். ஆனால் அக்கா கேபின் வாசலில் ஸ்டூலைப் போட்டு, காலித் தட்டைப் பார்த்தபடி, ஒவ்வொரு விரலாக நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் முழுசாக நிமிரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே பையை எடுக்க முடியவில்லை.

பச்சை விளக்குகள் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடலாம் என்றேன். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் சாமி படத்துக்குப் பின்னால் பலகை அடித்து மறைத்துவிடலாம்.

“மறைச்சா அப்பறம் அது திருட்டுதானே?” என்றார் அக்கா. மூலையில் இருந்த பேட்டரியைக் காட்டி, “வெளிய தூக்கி மாட்டு. கேபினுக்குள்ள ஒரு ஒயரும் வரக் கூடாது. எவன் வந்து பாத்தாலும் எது எங்க போவுதுன்னு தெரியணும்,” என்றார்.

வெயிலும் உப்புக் காற்றும் பெட்டிகளைத் தின்றுவிடும் என்றேன். தின்னட்டும் என்றார். சார்ஜருக்குக் கரண்ட் வேண்டுமே என்றேன். எழுந்து டீக்கடைக்குப் போய், பேசி, அங்கே ஒரு பிளக்கில் மாட்டிக்கொள்ள அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார்.

வெள்ளி சாயங்காலமும் சனி காலையும் எல்லாவற்றையும் பிரித்தேன். காசிமேட்டிலிருந்து அக்கா கொண்டுவந்த பழைய பிளாஸ்டிக் மீன் பெட்டி ஒன்றை, கேபினின் வெளிச்சுவரில், கூரைத் தகட்டுக்குக் கீழே ஆணியடித்து மாட்டினேன். சுற்றிலும் ஓட்டை இருப்பதால் உள்ளே இருப்பது அத்தனையும் தெரியும். எத்தனை கழுவியும் மீன் வாடை போகவில்லை. ரவுட்டரும் ரெக்கார்டரும் அதற்குள். பேட்டரி கீழே ஒரு செங்கல் மேல். கம்பத்தில் இருந்த கேமராவிலிருந்து வரும் ஒயரைச் சுவரின் வெளிப்புறத்திலேயே, இடுப்பு உயரத்தில், ஜாணுக்கு ஒரு கிளிப் அடித்து, நேர்க்கோடாகக் கொண்டுவந்தேன். மீன் பெட்டியிலிருந்து இன்னொரு ஒயர் டீக்கடைக்கு. கேபிள்காரரின் ஒயரும் வெளியிலேயே இறங்கியது. கேபினுக்குள் ஒயர் நுழைந்த பழைய ஓட்டைகளைச் சிமென்ட் வைத்து அடைத்தேன். மழைக்கு மேலே ஒரு பிளக்ஸ் துண்டு.

இத்தனையும் பிரித்து மாட்டியதில் வெளி நம்பர் இன்னொரு தடவை மாறிப்போனது. யார்டுக்காரருக்கு அனுப்பினேன். இதுதான் கடைசி நம்பர் என்றால் மேலே எழுதிவிடுகிறேன் என்றார். கடைசிதான் சார் என்றேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

பதினோரு மணிக்கு அக்கா டீக்கடைக்குப் போனார். அங்கே இருந்த மூத்த டிரைவரிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கூப்பிட்டுக்கொண்டு வந்தார். பின்னால் ஐந்தாறு டிரைவர்கள் டீ கிளாஸோடு வந்தார்கள்.

“நீங்களே பாருங்கண்ணே,” என்றார் அக்கா. என்னைப் பேச வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். அது நல்லதாகப் போயிற்று.

மூத்த டிரைவர் முதலில் மீன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கேமராக் கம்பத்துக்குப் போனார். அங்கிருந்து வரும் ஒயரின் மேல் ஒரு விரலை வைத்து, சுவரோடு சுவராக நடந்து வந்தார். கிரீஸ் விரல். ஒவ்வொரு கிளிப்பிலும் நின்று, ஒயர் எங்காவது சுவருக்குள் திரும்புகிறதா என்று தடவிப் பார்த்தார். மீன் பெட்டி வரை வந்து, அங்கிருந்து டீக்கடை ஒயரைப் பிடித்துக்கொண்டு டீக்கடை பிளக் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். சிமென்ட் ஓட்டைகளை நகத்தால் சுரண்டினார். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது.

“பாஸ், படம் கிளியரா இருக்கு. ஒருத்தர் செவுத்த தடவிட்டே போறாரே, யாரு அது?”

“டிரைவர் சார். உங்க யார்டு வண்டிதான்.”

“என்ன பண்றாரு?”

“செக் பண்றாரு சார்.”

“எதை?”

“கேமராவ,” என்றேன். அவர் சரி சரி, நான் மேலே ஓகே சொல்லிவிடுகிறேன், திங்கள் முதல் வண்டி வழக்கம்போல வரும் என்று சொல்லி வைத்துவிட்டார். போனைக் கீழே வைத்து அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வேலைதான் முடிந்திருந்தது.

மூத்த டிரைவர் ஜன்னலுக்கு வந்து தலையை உள்ளே விட்டார். “அணை,” என்றார்.

அணைத்தேன். நம்பர் பெட்டி, கம்ப்யூட்டர், பிரிண்டர், மின்விசிறி, சாமி படத்தின் சின்ன பல்பு எல்லாம் போனது. எங்கேயும் ஒரு பச்சைப் புள்ளி இல்லை. அவர் கண்ணை அந்த இருட்டுக்குப் பழக்கிக்கொண்டு நாலு மூலையையும் பார்த்தார்.

“போடு.”

போட்டேன். எண்கள் ஓடி, சைபரில் நின்றன. அவர் போய் டிரெய்லரில் ஏறி, ஸ்டார்ட் பண்ணி, தட்டின் மேல் கொண்டுவந்து நிறுத்தினார். சீட்டு அடித்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “அந்தப் பெட்டில மீன் நாத்தம் தாங்கல,” என்றார். அவருக்குப் பின்னால் வரிசையில் இன்னும் இரண்டு வண்டிகள் நின்றன.

பதினைந்து நாள் என்றது ஒரு மாதமாகி நிலையான நம்பர் வந்தது. அதற்குள் இரண்டு தடவை ரவுட்டர் உப்புக் காற்றில் செத்தது. டீக்கடைக்காரர் பாய்லருக்காக ஒரு தடவை எங்கள் பிளக்கைப் பிடுங்கி மறந்துவிட்டதில் பேட்டரி தீர்ந்துபோனது. ஒவ்வொரு தடவையும் போனிலேயே அந்தக் கட்டத்தைத் திறந்து எட்டாயிரத்தை எழுதினேன், இப்போது எழுத்துக் கூட்டாமல். யார்டில் யாராவது அந்தப் படத்தைப் பார்த்தார்களா என்று தெரியாது. அதன் பிறகு அவர்கள் போன் பண்ணவே இல்லை.

டிரைவர்கள்தான் விடவில்லை. யார்டு வண்டிகள் திரும்ப வரிசையில் நிற்க ஆரம்பித்த பிறகும், புதிதாக வருகிறவன் யாராக இருந்தாலும் முதலில் கம்பத்திலிருந்து மீன் பெட்டி வரை ஒயரைத் தடவிக்கொண்டு நடப்பான். சில பழையவர்களும் சும்மா நடப்பார்கள். வெள்ளைச் சுவரில் ஒயரை ஒட்டி இடுப்பு உயரத்தில் கறுப்பாக ஒரு கிரீஸ் கோடு விழுந்துவிட்டது. பொங்கலுக்கு முன்னால் கேபினுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அந்தக் கோட்டின் மேல் பிரஷ்ஷை வைக்கும்போது அக்கா ஸ்டூலில் இருந்தபடியே வேண்டாம் என்றார். எனக்கு அது அழுக்காகத்தான் தெரிந்தது. இரண்டு பக்கமும் விட்டு, கவனமாக, அதைச் சுற்றி அடித்தேன். அதற்கு முழுச் சுவரை அடிப்பதைவிட அதிக நேரமானது.